நூற்றிருபது பக்கமும் ஒரு தாளும்

மென்பொருளுக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் எழுதியதை யாரும் படிப்பதில்லை. படித்துவிட்டால் வம்பு இன்னும் பெரிது. இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கனமான எழுத்து

எங்கள் அலுவலகம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்கிறது. வெட்டிய துணிக்கட்டின் நிறத்தையும் அளவையும் கணினியில் பதிந்தால், பெட்டியில் ஒட்டும் சீட்டுவரை அதுவே அச்சடித்துவிடும். அதை விளக்க நூற்றிருபது பக்கம் எழுதினேன். பொருளடக்கமே ஆறு பக்கம். அதில் எனக்குப் பெருமை வேறு.

பொங்கலூரில் ஒரு கம்பெனிக்குப் போனபோது, கட்டிங் மேசையில் துணி அடுக்கின்மேல் என் புத்தகம் இருந்தது. கட்டிங் மாஸ்டர் பழனிசாமி அண்ணன் சந்தேகம் கேட்டுத் தினமும் நாலு தடவை போன் செய்கிறவர். புத்தகம் எப்படி என்று ஆசையாகக் கேட்டேன்.

"நல்ல கனமுங்க. எத்தனை வேகமா ஃபேன் போட்டாலும் துணி அசையறதில்லீங்க."

கெடு

இதை முதலாளியிடம் சொல்லித் தொலைத்தேன். எனக்கு எழுதத்தான் பிடிக்கும். போனில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும்.

"ஒரு மாசம் பாக்கறனுங்க. சந்தேகம் கேட்டு வர்ற போன் பாதியாக் குறையலீன்னா, எழுதறத நிறுத்திட்டு நீங்களே போனுல உக்காந்துக்குங்க."

எல்லாம் நீலம்

அடித்துப் பிடித்துப் பன்னிரண்டு பக்கமாக்கி அனுப்பினேன். புரிய வேண்டுமே என்று ‘உதாரணம்: நிறம் – நீலம்’ என்றும் போட்டேன். மூன்றாம் நாள் அதே பொங்கலூர் கம்பெனியின் பேக்கிங் சூப்பர்வைசர் சுமதி அக்கா கூப்பிட்டார். உள்ளே சிவப்பு, மஞ்சள், சாம்பல். எல்லாப் பெட்டியிலும் சீட்டு மட்டும் நீலம். லாரி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஓடிப்போய் நானும் உட்கார்ந்து சீட்டு மாற்றி ஒட்டினேன். கடைசிப் பெட்டி ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சிவப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நீலம் என்று பதிந்தீர்கள் என்று பழனிசாமி அண்ணனைக் கேட்டேன்.

"படிச்சவங்க நீங்க நீலம்னு போட்டிருக்கறப்ப, நான் மாத்திப் போட்டா மரியாதையா இருக்குமுங்களா?"

செங்கல்

மறுநாள் சுமதி அக்கா பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான் எழுதியதைப் படித்துக்கொண்டே அவர் வேலை செய்ய, எங்கே தயங்கினாரோ அந்த வரியை அடித்துத் திருத்தினேன். ‘இப்பொத்தானை அழுத்துவதன்மூலம் பயனர் தமது பதிவைச் சேமிக்கும் வசதியைப் பெறுகிறார்’ என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டார். அது ‘பதிந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்குங்க’ என்று ஆனது. ‘உங்கள் கையில் உள்ள துணியின் நிறத்தைப் போடுங்க’ என்பதும் அவர் சொல்லித்தான். சாயங்காலம் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஒரு தாள். சந்தோஷத்தில் இரண்டு டீ சொன்னேன். டீயை வாங்கிக்கொண்டே சுமதி அக்கா கேட்டார்:

"ஊட்டுக்கு வாங்கன்னு கூப்புடறதுக்கு, ஊட்டுல எத்தனை செங்கல்னு சொல்லோணுங்களா?"

கடைசி நாள்

அந்தத் தாள் எல்லாக் கம்பெனிகளுக்கும் போனது. போன் மெல்ல அடங்கியது. கெடு முடிகிற நாளில் முதலாளி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது, பழனிசாமி அண்ணன். என்ன சந்தேகம் என்று கேட்டேன். முதலாளி ஸ்பீக்கரை அமுக்கினார்.

"சந்தேகமெல்லாம் இல்லீங்க. ஒரு வாரமா உங்களைக் கூப்புடறதுக்கு வேலையே வரலீங்களா, நல்லா இருக்கீங்களான்னு கேக்கலாம்னுதானுங்க. தாளு ரொம்ப நல்லா இருக்குதுங்க, ஃபேன் போட்டாத்தான் பறக்குது. அதும்மேல உங்க பழைய புஸ்தகத்த வெச்சிருக்கறனுங்க."

ஆக, படிக்க ஒரு தாள், அது பறக்காமலிருக்க நூற்றிருபது பக்கம் என்று, நான் எழுதியதில் ஒரு வரிகூட வீண்போகவில்லை.