பொட்டு வைத்த படம்

வார்னிஷும் மரத்தூளும் கலந்த ஒரு வாசனை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் அதுதான் முகத்தில் வந்து மோதும். அப்புறம்தான் படங்களே கண்ணுக்குத் தெரியும்...

ஃப்ரெண்ட்ஸ், நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய இடம் அது. தஞ்சாவூரில் கோமதி அக்காவும் அவர் அண்ணன் சேகர் சாரும் நடத்திய ஓவியக்கூடம். அவர்கள் அப்பா ஆரம்பித்தது. போன ஞாயிற்றுக்கிழமையோடு மூடிவிட்டார்கள். கடைசி நாள் நான் அங்கே இருந்தேன்! இந்தக் கதையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மற்ற இடங்களில் விற்ற படத்துக்குச் சிவப்பு வட்டம் ஒட்டுவார்களாமே... எங்கள் கடையில் ஸ்டிக்கர் பொட்டு.

ஒரு திருவையாறு ஆராதனை சமயம். கடையில் ஏகப்பட்ட கூட்டம், சிவப்பு வட்டம் தீர்ந்துபோயிற்று. அக்கா சட்டென்று தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஃபிரேமின் மூலையில் ஒட்டிவிட்டாராம். அன்றிலிருந்து அதுவே வழக்கம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "சாமிக்கு ஒரு பொட்டு, சட்டத்துக்கு ஒரு பொட்டாம்மா?" என்று கேட்டதும் நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினேன்.

ஆனால் அக்காவுக்கு அது விளையாட்டில்லை.

"பொட்டு வச்சாச்சுன்னா அது அவங்க வீட்டுப் பொருளு. எப்ப வந்து கேட்டாலும் எடுத்துக் குடுக்கணும். நடுவுல எவன் வந்து கேட்டாலும் கெடையாது."

அங்கே ஒரு சின்ன வாட்டர்கலர் படம் இருந்தது. எங்கள் நீடாமங்கலம் ரயில்வே கேட்! கேட் போட்டிருக்கிறது. ஒரு பஸ், சைக்கிள் கேரியரில் நாற்றுக்கட்டோடு ஒருவர், பின்னால் பச்சை வயல். கேட் கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி ரெட்டைச்சடைப் பெண் ஒருத்தி ரயிலைப் பார்க்கிறாள்.

அது நான்தான். வரைந்தவர் யாரென்று தெரியாது, சாட்சி கிடையாது. ஆனாலும் நான்தான்! பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அப்படித்தான் நிற்பேன், தினமும் திட்டு வாங்குவேன்.

வாங்க ஆசை. வாங்குகிற நிலைமை இல்லை.

ஒரு நாள் லாட்ஜ் நடத்துகிற ஒருவர் வந்தார். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு படம் வேண்டுமாம். காய்கறி வாங்குகிற மாதிரி, "இது, இது, அப்பறம் இது..." என்று கை காட்டிக்கொண்டே வருகிறார். அடுத்தது என் படம். வியர்வையைத் துடைப்பதுபோல நெற்றியில் இருந்த பொட்டை எடுத்தேன், ஃபிரேமில் ஒட்டினேன்.

"சார், இது போயிடுச்சு சார்."

அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மதியம் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏன்டி சுமதி, நெத்தி வெறிச்சோடிக் கெடக்கு?"

"முகம் கழுவினேன்க்கா."

அடுத்த மாதமே கல்யாணம், சென்னை. உண்மையைச் சொல்லாமலே போய்விட்டேன். சோறு போட்ட கடையில் பொய் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி. பதினெட்டு வருஷம் அந்தப் படியை மிதிக்கவே இல்லை.

போன ஞாயிறு நீடாமங்கலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அக்காவின் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ: "இன்றோடு கடை மூடுகிறோம்." சுவரெல்லாம் காலி. ஜூம் பண்ணிப் பார்த்தால்... பின்சுவரில் என் படம்!

தலைகூட வாராமல் ஓடினேன். காரை எடுத்து ஊரைத் தாண்டுவதற்குள் கேட் போட்டுவிட்டார்கள்! அதே கேட். கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போகிறது. "போய்த் தொலையேன்!" என்று நான் சத்தம் போட, பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்க்கிறார்.

போய்ச் சேர்ந்தபோது சேகர் சார் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். படம் அதே இடத்தில். மூலையில் பொட்டும் இருந்தது. பெரிய, வட்டச் சிவப்புப் பொட்டு.

நான் வைத்தது கடுகளவு பச்சைப் பொட்டு. இது அக்காவுடையது.

"அக்கா... அன்னிக்கு நான் ஒரு தப்பு..."

"தெரியும்டி. பச்சப் பொட்டு படத்துல இருக்கு, ஒன் நெத்தி மொட்டையா இருக்கு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சார் சிரித்தார். "எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? வித்துப்போச்சுன்னு சொல்லியே வெரட்டிட்டா. ஒன் பொட்டு ஆறு மாசத்துல உதிந்துபோச்சும்மா. அப்பறம் இவதான் மாத்தி மாத்தி வச்சா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஏன்க்கா அப்பவே கேக்கல?"

"பொட்டு வச்சாச்சு. அப்பறம் என்ன கேள்வி? எடுத்துட்டுப் போ. ஆனா காசு குடுத்துட்டுப் போ, சும்மா எல்லாம் தரமாட்டேன்."

பழைய விலைதான் வாங்கினார், ஒரு ரூபாய் கூட்டவில்லை. இப்போதெல்லாம் ஆன்லைனில் ஆசைப்பட்டு ஒன்றைக் கார்ட்டில் எடுத்துவைத்தால் மறுநாள் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடுகிறது. எனக்காக ஒரு சுவரில் ஒருத்தர் பதினெட்டு வருஷம் இடம் பிடித்து வைத்திருந்திருக்கிறார், மக்களே!

படத்தைக் கையில் தருமுன் அக்கா அந்தப் பொட்டை உரித்தார். என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி நெற்றியில் வைத்தார்.

"இன்னிக்காவது வெறிச்சோடிப் போகாத."

அவர் பூட்டியபோது நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம்.

திரும்பும்போதும் கேட் போட்டிருந்தது. பொட்டில் பசையே இல்லை, விழப் பார்த்தது. ஒரு கையால் மடியில் படம், ஒரு விரலால் நெற்றியில் பொட்டு. ரயில் போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.