மேலே போன கம்ப்யூட்டரும் எங்க வீட்டுக்காரரும்

எங்க வீட்டுக்காரர் பேரு இசக்கிமுத்து. ஊரு சங்கரன்கோவில் பக்கம். நான் பொறந்து வளந்ததெல்லாம் மட்டாஞ்சேரி. என்னைக் கட்டிக்கிட்டு இங்க வந்து சேந்தாரு. அவரை மாதிரி ஒரு வெள்ளந்தியைக் கொச்சி முழுக்க வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. இதைப் பெருமையா சொல்லல, வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

வேலை கொச்சங்காடியில ஒரு பழைய சுக்கு குடோன்ல. இப்ப அங்க சுக்கு இல்ல, கம்ப்யூட்டர். அலமாரி அலமாரியா அடுக்கி வெச்சிருக்கானுக, ராப்பகலா ஓடுது, அடுப்பாட்டம் கொதிக்குது. அதைக் குளிர வைக்கிற ஏசிக்குத் தண்ணி ஓட்டுறது இவரு பொறுப்பு. மோட்டார் போடணும், பைப்புல வரலேன்னா தண்ணி லாரிக்குச் சொல்லணும், கடல் ஏறி வர்ற மாசத்துல குடோனுக்குள்ள கணுக்கால் அளவு நிக்கிற உப்புத்தண்ணியை இறைச்சு வெளிய விடணும். பத்து வருஷமா இதேதான். கம்பெனியை மூடப் போறாங்கன்னு கொஞ்ச நாளா ஒரு பேச்சு அடிபட்டுச்சு, மனுஷன் சரியா சோறு திங்கல.

அப்பத்தான் ஹரிஷங்கர் மேனேஜரா வந்தான். சின்னப் பய. வாயைத் திறந்தா ஆகாசந்தான். கம்ப்யூட்டரை சாட்டிலைட்டுல ஏத்திப் பூமியைச் சுத்த விடப் போறாங்களாம். அங்க வெயில் ஓசி, கரண்ட் பில்லும் கிடையாதாம். எல்லாரையும் கூட்டி வெச்சு மலையாளத்துல பிரசங்கம் பண்ணியிருக்கான். நம்மாளு காதுல விழுந்தது ஒரே ஒரு வரி. "மேலே போயால் பின்னே வெள்ளத்தின்டெ பிரஸ்னம் இல்லா."

மலையாளத்துல வெள்ளம்னா வெறும் தண்ணி. அவன் சொன்னது ஏசிக்கு ஊத்துற தண்ணியை. ஆனா கடலே வீட்டுக்குள்ள வந்து போற மட்டாஞ்சேரியில, வெள்ளத்தின் பிரஸ்னம்னா எவனுக்கு ஏசி ஞாபகம் வரும்? இவரு நினைச்சுக்கிட்டது, கம்ப்யூட்டரை மாடிக்கு ஏத்தப் போறாங்கன்னு.

வீட்டுக்கு வந்து ஒரே குதி. "லோகா, மாடிக்கு ஏத்துறாங்கன்னா இனி மூட மாட்டாங்க. நம்ம வேலை நிலைச்சிருச்சு." அதே வாரம் திருப்பூணித்துறை ஆஸ்பத்திரி ஒண்ணுல ஏசி பாக்கக் கூப்பிட்டிருந்தாங்க, பி.எஃப். எல்லாம் உண்டு. அதை வேண்டாம்னு சொல்லிட்டு வந்து நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஞாயித்துக்கிழமை தனியாப் போய் குடோன் மாடியைக் கூட்டி, எலிப்புழுக்கையை அள்ளிப் போட்டு, மோட்டார் வைக்கச் செங்கல்லும் அடுக்கியிருக்காரு. மறுநாள் ஹரிஷங்கர் ஏறி வந்து, "எந்தா அண்ணாச்சி இது?"ன்னு கேட்டான்.

"கம்ப்யூட்டர் மேல வருதுல்ல சார், அதுக்குத்தான்."

அவன் விரலைத் தூக்கி இன்னும் மேல காட்டினான். இவரு அண்ணாந்து பாத்துட்டு, "ஓட்டுக்கு மேலயா சார்?"ன்னு கேட்டிருக்காரு.

ஆபீஸே சிரிச்சுச்சாம். சிரிச்சு முடிச்சுட்டு, ஆகாசத்துல தண்ணி ஓட்ட ஆள் வேண்டாம், இந்த மாசத்தோட வேலை இல்லேன்னும் ஹரிஷங்கர் சொல்லிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. அங்க வேற ஆள் எடுத்தாச்சு.

பக்கத்து வீட்டுப் பொண்ணு அஞ்சு இன்ஜினியரிங் படிக்கிறா. இந்தக் கூத்து எதுக்குடின்னு அவகிட்ட கேட்டேன். "பிரயோஜனம் உண்டு சேச்சி"ன்னா. சாட்டிலைட் எடுக்கிற படத்தை எல்லாம் கீழ அனுப்பிக்கிட்டு இருக்க முடியாதாம். மேகம் மறைச்சதை அங்கயே கழிச்சுட்டு, வேண்டியதை மட்டும் அனுப்பலாமாம். சரி, போட்லயே மீனைத் தரம் பிரிச்சுக் கொண்டு வர்ற மாதிரி. அது நியாயம். குடோனையே தூக்கி மேல வைக்க முடியுமாடின்னேன். உதட்டைப் பிதுக்கினா. அங்க காத்து இல்ல, அதனால சூடு லேசுல இறங்காதாம். பெரிய பெரிய தகடா விரிச்சு வெச்சு ஆத்தணுமாம். கெட்டுப்போனா ஏறிப் போய்ப் பாக்கவும் ஆள் கிடையாது. கீழ ஒரு ஏசி நின்னா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிற பய, ஆகாசத்துல குடித்தனம் பண்ணப் போறானாம். தூ.

கடைசியில மேல போனது ஒரே ஒரு பெட்டி, டிபன் கேரியர் தண்டிக்கு. அதுக்குக் கேக் வெட்டிப் போட்டோ பிடிச்சானுக. குடோன்ல இருந்த கம்ப்யூட்டர் ஒண்ணுகூட அசையல. அதுக்குத் தண்ணி ஓட்ட ஆள் வேணுமே. ஏஜென்சி வழியா புது ஆளா எடுக்கிறதா சொன்னாங்க. இவரும் கிளம்பினாரு. மானங்கெட்டுப் போய் அந்த வாசல்ல நிக்காதீங்கன்னு கத்தினேன்.

"வேற எங்க போக, லோகா?"ன்னாரு.

எடுத்துக்கிட்டானுக. பத்து வருஷம் இவரு கை பட்டு ஓடின அதே மோட்டார்தான். சட்டையில குத்திக்க ஒரு பேட்ஜ் குடுத்திருக்கானுக. அதுல 'ட்ரெயினி'ன்னு போட்டிருக்கு. மனுஷனுக்கு அம்பது தாண்டியாச்சு.

தினம் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு அதைக் குத்திக்கிட்டு, என் பக்கம் திரும்பி, "நேரா இருக்கா?"ன்னு கேக்குறாரு.

நேராத்தான் இருக்குன்னு சொல்றேன்.