மூன்று கறுப்புக் கோடும் ஒரு இன்டர்வியூவும்

போன புதன்கிழமை எங்கள் தெருவே ஒரு பெண்ணின் பயோடேட்டாவைக் காது குளிரக் கேட்டது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்கவில்லை!

எதிர்வீட்டு தேவகி பி.காம். படித்தவள். மகள் பிறந்தபின் ஒன்பது வருடமாக வேலைக்குப் போகவில்லை. இப்போது ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே பேசுகிற கஸ்டமர் கேர் வேலைக்கு இன்டர்வியூ வைத்திருந்தது. குரல் மட்டும்தான், வீடியோ கிடையாது. ஆனால் செல்போன் ஆகாது, கம்ப்யூட்டர் கட்டாயம். உத்திரமேரூரில் எங்கள் தெருவில் அது இருப்பது என் வீட்டில் மட்டும்தான். பழைய டெஸ்க்டாப். அவள் கேட்டதும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன்.

காலை பதினொரு மணி. தன் செல்போன் ஹெட்செட்டோடு வந்தாள். டெஸ்க்டாப்பில் இரண்டு ஓட்டை — ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். ஹெட்செட்டுக்கோ ஒரே பின். பச்சையில் சொருகினேன். ஏன் பச்சை? சிக்னலில் பச்சை என்றால் போகலாமே... என் எலக்ட்ரானிக்ஸ் அறிவு அவ்வளவுதான்.

இன்டர்வியூ எடுப்பவர் பேசுவது அவளுக்கு ஜோராகக் கேட்டது. அவள் பேசுவது அவருக்குப் போகவில்லை. "சத்தமா பேசும்மா" என்றேன். பேசினாள். "இன்னும் சத்தமா!" கத்தினாள். ரோஸுக்கு மாற்றினேன். இப்போது இரண்டு பேருக்குமே கேட்கவில்லை! மறுபடி பச்சை.

பத்து நிமிடம் தருகிறேன், சரிசெய்துவிட்டு வாருங்கள் என்றாராம். தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"போச்சுண்ணா... இத்தினி வருஷம் கழிச்சு ஒண்ணு வந்துச்சு. அதுவும் பூடுச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகத் தலையாட்டியவன் நான்தானே?

அப்போது வாசலில் ஒரு குரல். "இன்னாம்மா, பி.காமு, பி.காமுன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்குது!"

ஏழுமலை. கல்யாணம், திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர். பழையசீவரத்தில் நடக்கும் ஒரு காதுகுத்துக்காக எங்கள் தெருக்கோடியில் ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், அவள் கத்தலைக் கேட்டு வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னோம். பின்னை உருவி வெளிச்சத்தில் காட்டினார்.

"கறுப்பு கோடு எத்தினி கீது பாரு சார்."

"மூணு."

"மூணு கீதுன்னா, கேக்கறது, பேசறது ரெண்டுமே இந்த ஒரு பின்னுலதான். செல்லு, லேப்டாப்புல ஒரே ஓட்டை, பொருந்திக்கும். ஒங்க பொட்டில பச்சை கேக்கறதுக்கு, ரோசு பேசறதுக்கு. பச்சைல சொருவினா பேச்சு எப்டி போவும்?"

ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கிற சின்ன வயர் கடையில் கிடைக்குமாம். "வாங்கினு வர்றதுக்குள்ள டைம் பூடும். இரு" என்று வண்டிக்கு ஓடினார்.

கொண்டுவந்தது என்ன தெரியுமா? ஊர் ஊராக 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்கிற அவருடைய கை மைக்! அதன் தடித்த பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டரை மாட்டி ரோஸில் சொருகினார். ஹெட்செட் பச்சையிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் மைக் சத்தத்தை முழுதாக ஏற்றச் சொன்னார்.

"ஹலோ" என்றாள் தேவகி. அந்தப் பக்கம் பதில் வந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது!

இன்டர்வியூ எடுப்பவர் கேட்ட முதல் கேள்வியே இதுதானாம் — என்ன கோளாறு, எப்படிச் சரியானது? ஒரு கஸ்டமருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

சொன்னாள் பாருங்கள்! மூன்று கோடு, பச்சை, ரோஸ்... அவசரமே இல்லாமல், ஏழுமலையைவிடத் தெளிவாக. கடைசியில், "இப்ப காதுகுத்து மைக்கைக் கையில புடிச்சிக்கினு பேசறேன் சார்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் சிரித்த சிரிப்பு ஹெட்செட்டைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

நம் பேச்சு எதிராளிக்குப் போகவில்லை என்றால் நாம் முதலில் செய்வது என்ன? சத்தத்தைக் கூட்டுவதுதான். வீட்டில், ஆபீசில், பஸ்ஸில்... எங்கும் இதே கதை. சொருகிய இடம் சரியா என்று யார் பார்க்கிறோம்?

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! லேப்டாப்பைக் கம்பெனியே அனுப்புகிறதாம், அதற்கு அவளுடைய ஹெட்செட்டே போதுமாம். கீழே இன்டர்வியூ எடுத்த அந்தப் புண்ணியவான் ஒரு வரி சேர்த்திருந்தார்:

"காதுகுத்து வீட்டாருக்கு மைக் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?"