கடப்பாக்கம் கரையில் திமிங்கலச் சுறா

கடப்பாக்கம் கரையில் காலை ஏழு மணி. கரைவலைக்குள் வேன் நீளத்துக்கு ஒரு திமிங்கலச் சுறா சிக்கிப் புரள்கிறது. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். வலையை இழுப்பவர்களுக்கு நானும் கைகொடுக்கிறேன். நான் மூச்சுமுட்ட இழுத்தது பக்கத்துப் படகின் நங்கூரக் கயிறு என்பது பிறகுதான் தெரிகிறது.

வலைக்காரர் ஏழுமலை இடுப்பிலிருந்து கத்தியை எடுக்கிறார். வலையை அறுத்தால் இந்தப் பருவத்துப் பிழைப்பு போய்விடும். அறுக்காவிட்டால் மீன் செத்துவிடும்.

என் வாய் சும்மா இருக்குமா? “ஜப்பான்ல இதைப் பார்த்திருக்கேண்ணே. பெரிய கண்ணாடித் தொட்டியில வெச்சிருக்காங்க. முந்நூறு போட்டோ எடுத்தேன்.”

“கொஞ்சம் அப்பால நில்லு சார். வாலு பட்டுச்சுன்னா ஜப்பான்லயே போயி வுழுவ.”

வலையைக் குறுக்காக அறுக்கிறார். புள்ளிகள் மெல்ல ஆழத்துக்குள் மறைகின்றன. ஏழுமலை கடல்நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

கிழிந்த வலையைச் சுருட்டியபடியே கேட்கிறார்: “ஜப்பான்ல கீதே, அத்த எப்போ சார் வுடுவாங்க?”

முந்நூறு படம் எடுத்தவனுக்கு அங்கே இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. வலையின் மறுமுனையைத் தூக்கிக்கொள்கிறேன். இந்த முறை அவருடைய வலைதான்.