பெயரில்லாத டிரம்மும் பதினோரு பூச்சும்

அந்த டிரம்மில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. செய்தவன் பெயர், ஊர், நம்பர், முத்திரை எதுவும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஓட்டை அண்டாக்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தது. பித்தளை உடம்பு, மேலே அரக்குக் கலர் பெயிண்ட், மேல்தோல் கிழிந்திருந்தது. நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். உடம்பு பேசியது. எடை போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எண்பத்தாறோ எண்பத்தேழோ, கல்யாண சீசனுக்கு ஒரு மாதம் இருந்தது.

நான் தருமபுரியில் ஒரு சின்ன பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஊர்வலங்களுக்குப் பின்னாலேயே நடந்து நடந்து கை பழகியதுதான். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனுக்குச் சீசன் கோட்டு மாறும். கோட்டு மாறினால் டிரம்முக்கும் அதே கலர். தோல் மாற்றுவதும் அப்போதேதான். இரண்டு பக்கமும் வளையங்களைக் கழற்றி, தோலை உருவிவிட்டு, வெற்று உடம்புக்கு மேலிருந்து கீழ்வரை பூசுவோம். அந்த வருஷம் எங்களுக்கு நீலக் கோட்டு. அரக்குப் பூச்சு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்ததால் அதன்மேலேயே பூச மனம் வரவில்லை. காஸ்டிக் சோடா போட்டு, பித்தளை தெரியும்வரை சுரண்டிவிட்டு நீலம் அடித்தேன். கீழ்த்தோல் நன்றாக இருந்ததால் கீழ் வளையத்தை மட்டும் தொடவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

மூன்றாவது முகூர்த்தம் அதியமான்கோட்டையில், ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு ஏட்டய்யா, நாங்கள் டீ குடிக்கும் நேரத்தில் வந்து டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க புடிச்ச இத?”

“பழைய இரும்புக் கடையிலங்க. பாப்பிரெட்டிப்பட்டியில.”

“பேரு ஒண்ணையும் காணமே?”

“வாங்கறப்பவே இல்லீங்க. நான் பெயிண்ட சொரண்டுனப்பகூட ஒண்ணும்…”

அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

“சொரண்டுனியா? எதுக்குச் சொரண்டுன?”

இரண்டு மாதத்துக்கு முன் லீவு நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பித்தளை டிரம் ஒன்றைத் தூக்கிப் போயிருக்கிறார்களாம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “திங்கக்கெழம காத்தால டிரம்மோட ஸ்டேஷனுக்கு வந்துரு. நான் வந்து கூட்டிட்டுப் போற மாதிரி வெச்சுக்காத.”

அதற்குப் பிறகு என் கை என்னிடம் இல்லை. தாளம் ஓட்டமாக ஓடியது. கிளாரினெட்காரர் பக்கத்தில் வந்து, “என்ன மாஸ்டர், மாப்பிள்ளைய ஓட்டப் பந்தயத்துல வுட்டுட்டியா?” என்றார். குச்சியை இறுக்கிப் பிடித்து, அவர் காலடியைப் பார்த்தே அடித்தேன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் ‘ஸ்டேஷனுக்குப் போனார்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘கூட்டிட்டுப் போயிருக்காங்க’ என்பார்கள். திரும்பி வருவதைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் இருக்காது.

வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கோணிப்பையைக் கொண்டுவந்தாள். “கெணத்துல போட்டுட்டு வந்துருங்க. டிரம்மு போனா போவுது. வூட்டு ஆம்பள போனா நான் எங்க போயித் தேடறது?”

கட்டியும் விட்டோம். வாசற்படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. ஏட்டய்யாதான் கண்ணால் பார்த்துவிட்டாரே. இனி இது காணாமல் போனால் நானே ஒப்புக்கொண்டது மாதிரி. மூட்டையை அப்படியே இறக்கி வைத்தேன். கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. “உன்ன நான் பாத்ததே இல்லியேப்பா.”

“போன மாசங்க. அதோ, அந்த ஓட்டை அண்டாவுக்குப் பக்கத்துல…”

“அண்டாவும் இல்ல, நீயும் இல்ல. வேலையப் பாரு.”

அவருக்கும் பயம். திரும்பி வரும் பஸ்ஸில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு வந்தது. நான் திருடவில்லை, சரி. ஆனால் இது அந்தப் பள்ளிக்கூடத்து டிரம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எவனோ திருடிக் கடையில் போட்டிருக்கலாம். அடையாளம் இருந்திருந்தால் அதைச் சுரண்டியவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு பாயிடம் போனேன். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். டிரம்மில் நெளிசல் விழுந்தால் எனக்கு அவர்தான் எடுத்துத் தருவார். என் வயசுதான், வாய் என்னைவிட நீளம்.

“என்ன மாஸ்டர், மூஞ்சி ஈயம் போன சட்டி மாதிரி இருக்குது?”

சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மேல்தோலைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் தடவினார். “இங்க பாருங்க. பல்லு பல்லா வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துப் பத்தவெச்சிருக்கான். இப்ப வர்ற டிரம்முக்கு இந்த வேல கெடையாது. சேத்து வெச்சு கேஸ் வெல்டிங்ல ஒரே இழுப்பு.”

“அப்ப பழசுதானே பாய்?”

“பழசுதான். பள்ளிக்கூடத்துக்காரன் பழசு வாங்க மாட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

அவர் டிரம்மைக் கவிழ்த்துக் கீழ் வளையத்தில் விரலை ஓட்டினார். “இத நீங்க அவுக்கலியா?”

“இல்ல பாய்.”

“இதுக்கடியில பழைய பெயிண்ட் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பேரே இருந்தாலும் இருக்கும். அவுக்கட்டுமா, வேணாமா? நீங்கதான் சொல்லணும்.”

பக்கத்துக் கடையில் தகரம் தட்டுகிற சத்தம் என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினேன். ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது. வளையம் வெளியே வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

“தொறங்க. பேரு இல்ல.”

இரண்டு விரல் அகலத்துக்கு அரக்குப் பட்டை ஒன்று டிரம்மைச் சுற்றி அப்படியே இருந்தது. என் நகம் தானாகவே அதன்மேல் போனது. பாய் என் கையில் ஓர் அடி போட்டார். “மறுபடியும் சொரண்டறீங்களா! இந்தக் கைய மொதல்ல கட்டிப்போடணும்.”

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, காசு அளவு இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தார். அரக்குக்குள்ளிருந்து பச்சை வந்தது. பச்சைக்குள் வெள்ளை, பிறகு மறுபடியும் அரக்கு, மஞ்சள், கறுப்பு. வெங்காயத்தை நறுக்கினால் தெரிகிற வட்டங்கள் மாதிரி, நடுவில் பித்தளை. எண்ணினோம். பதினொன்று. நம்பாமல் இன்னோர் இடத்தில் தேய்த்து எண்ணினோம். அங்கேயும் பதினொன்று.

“வருஷா வருஷம் டிரம்முக்குச் சட்ட மாத்தறது உங்க ஆளுங்கதான் மாஸ்டர்,” என்றார் பாய். “இது பொறந்ததுலருந்து பேண்டு செட்டுலதான் இருந்திருக்குது.”

பதினோரு சீசன். கடையில் தூங்கிய காலத்தையும் சேர்த்தால் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தியது இல்லை. இது பள்ளிக்கூடத்து டிரம் இல்லை என்று எனக்கும் பாய்க்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் இதைக் காது கொடுத்துக் கேட்பார்களா?

திங்கட்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் டிரம்மை வைத்தபோது, பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். பார்த்த உடனே சொன்னார். “இதேதாங்க சார். எங்களுதுதான்.”

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். போல்ட்டுகளைக் கழற்றியே கொண்டுபோயிருந்த கீழ் வளையத்தை உருவிவிட்டு, தேய்த்த இடத்தை விரலால் காட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

“என்னய்யா இது?”

“பூச்சுங்க… சீசனுக்கு ஒண்ணுங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் பென்சில் முனையை ஒவ்வொரு வட்டத்திலும் வைத்து எண்ணினார். அவசரமே படவில்லை. பிறகு வாத்தியாரைப் பார்த்தார். “உங்க டிரம் எப்ப வாங்குனது?”

“மூணு வருஷம் ஆச்சுங்க. புதுசு.”

“எத்தன தடவ பெயிண்ட் அடிச்சீங்க?”

“நாங்க அடிக்கிறதே இல்லீங்க சார். பாலீஷ் மட்டுந்தான்.”

“அப்ப இந்தப் பதினொண்ணையும் யாரு, உங்க ஹெட்மாஸ்டரா வந்து அடிச்சாரு?”

ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் தரையைப் பார்த்தார். “தூக்கிட்டுப் போய்யா,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம். டிரம்மை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஓடினால் மறுபடி கூப்பிடுவார்களோ என்று, ஓடாமல் நடந்தேன்.

டீக்கடை அருகே பின்னால் செருப்புச் சத்தம். அந்த வாத்தியார். என்னைவிட வேர்த்திருந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணா. சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு. பூட்ட நான் சரியாப் போடலன்னு சொல்றாங்க. வேல போயிரும்.” டிரம்மின் மேல் கை வைத்தார், எடுத்துக்கொண்டார். “இது எங்களுதா இருக்கணும்னு மூணு நாளா சாமியக் கும்புட்டுட்டு இருந்தன்.”

அதே மூன்று நாளும் நான் எதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்ல வரவில்லை. இரண்டு டீ சொன்னேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினார். நான் டிரம்மை இன்னும் கீழே வைக்கவே இல்லை; என் டம்ளர் பெஞ்சிலேயே ஆறிக்கொண்டிருந்தது.