பூரம் நீங்கி

நான் எழுத்துப் பிழை விடாதவள். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. ராஜபாளையத்தில் ஒரு டிடிபி கடையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் சொந்த மாமன் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு வருகிறவர்களை மடக்கித் திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என்னோடு இருப்பது அண்ணன் மட்டும்தான். மளிகைச் சீட்டு எழுதினாலும் என் முன்னால் நீட்டி, "சரியா இருக்காடி?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவான்.

போன வருடம் ஆனி மாதம், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்கு வந்தார். கண்ணில் புரை அறுத்திருந்தார். முதல் பக்கத்தில் 'மாஜிக்க்: ஓர் அறிமுகம்' என்று எழுதியிருந்தது. கிழவருக்குக் கை இடறிவிட்டது என்று நினைத்து ஒரு 'க்'கை எடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மேடையில முயல் எடுக்கிறதுக்கு ஒரு க் போதும். நான் எழுதுறது அது இல்லம்மா. அந்த வித்தியாசம் தெரியணும்னுதான் வெள்ளைக்காரன் கடைசியில ஒரு எழுத்தைக் கூட்டினான். மந்திரத்துல ஒரு எழுத்து பிசகினா, சொன்னவனையே திருப்பி அடிக்கும்."

"பத்திரிகையில பிசகினா சம்பந்தி வீட்டுக்காரங்க அடிப்பாங்க சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மனுஷர் நன்றாக எழுதியிருந்தார். எகிப்தின் கறுப்பு மண்ணில் உலோகம் உருக்கியவர்கள், அந்த ரசவாத வித்தைக்குப் பெயர் வைத்த அரபுக்காரர்கள், உலையைக் கட்டிக்கொண்டு அழுத ஐரோப்பியர்கள், பாதரசத்தை மணியாகக் கட்டப் பார்த்த நம் ஊர்ச் சித்தர்கள் என்று வரிசையாக வந்தது. ஈயத்தைப் பொன்னாக்கும் ஆசைதான் நாளடைவில் மனிதனையே பொன்னாக்கும் ஆசையாகிவிட்டது என்றார். உலோகத்துக்கு ஒரு கிரகம், வேலைக்கு ஒரு நாள், சுற்றிலும் ஒரு வட்டம் என்று உலையடியில் பிறந்த வழக்கங்கள், உலை அணைந்த பிறகும் சடங்காக மிஞ்சின. அந்த மிச்சம்தான் மாஜிக்க். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், 'இவை அறிவதற்கு, செய்வதற்கல்ல' என்று ஒரு வரி. சித்தர்கள் மறைபொருளாகப் பேசிய சொற்களுக்குப் பட்டியல் ஒன்று கடைசியில் தருவதாகச் சொல்லியிருந்தார். பிழை பார்ப்பதை என்னிடமே விட்டுவிட்டார்.

ரசமணியை உண்டு உடம்பை உறுதியாக்கும் முறை ஒன்றை அதில் விவரித்திருந்தார். 'பூரம் நீக்கி உண்பது' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டாள் பிறந்த ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் பூரம் என்றால் என்ன என்று தெரியும். ஆடி மாதம் தேர் ஓடும் நாள். நாள் தானாக நீங்கும், அதை யாராவது நீக்க முடியுமா? கண் தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்து, 'பூரம் நீங்கி உண்பது' என்று திருத்தினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் ஒரு எழுத்துக்குச் சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

படித்துப் பார்க்க அச்சுப்படியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் அதைக் கீழே வைக்கவில்லை.

அண்ணனுக்குக் கை நடுங்கும். காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தறியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அறுந்த இழையைக் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவான். நடுக்கம் வந்த பிறகு இழை பிடிபடவில்லை. கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிட்டார்கள். "கை நின்னாப் போதும்டி, வேற ஒண்ணும் வேண்டாம்," என்பான். நடுக்கம் மாத்திரைக்குக் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்துக்குக் கேட்கும் என்று நினைத்துவிட்டான்.

ஒரு நாள் மலையடிவாரத்தில் இருக்கும் பிளவக்கல் வரை போய்விட்டு வந்தான். என்ன ஜோலி என்று கேட்டதற்கு மழுப்பினான். அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ சரியில்லை. பின்கட்டு அறையைப் பூட்ட ஆரம்பித்தான். அம்மா போட்டுவிட்ட தங்க மோதிரம் அவன் விரலில் வெளுத்து, வெள்ளி மாதிரி கிடந்தது. "மோதிரம் என்னாச்சு?" என்றேன். "சோப்பு பட்டிருக்கும்," என்றான். ஈயம் பொன்னான கதையைப் பக்கம் பக்கமாக அடித்தவள் நான். பொன் வெளுத்த கதை என் கண்ணெதிரில் நடக்கிறது, எனக்கு விளங்கவில்லை.

தேரன்று ஊரே வடம் பிடிக்கப் போனது. அவன் விரதம் என்று சொல்லி வீட்டில் இருந்தான். "பூரம் கழியட்டும், எல்லாம் சரியாயிரும்," என்றான். சாமி காரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையில் கடைசிப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தேன். அகர வரிசையில் பகரம் வந்தது. 'பூரம்: பாதரசத்திலிருந்து செய்யும் வெள்ளை உப்பு. நஞ்சு. ரசமணியை இதில் பொதிந்து வைப்பர்.'

நான் 'நீங்கி' என்று திருத்தியதும், 'பூரம் கழியட்டும்' என்று அண்ணன் சொன்னதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி, அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று போனபோது டிரைவரை மனதுக்குள் வையாத வசவில்லை. உண்மையில் வைதது என்னைத்தான்.

பின்கட்டில் வாந்திக்கு நடுவில் கிடந்தான். பக்கத்தில், பிளவக்கலில் யாரிடமோ வாங்கிவந்த ஒரு தகர டப்பா. உள்ளே வெள்ளைப் பொடி, பொடிக்குள் நான்கு மணிகள். மோதிரத்தை வெளுக்க வைத்தது அந்த மணிகளின் பாதரசம்தான். ஐந்தாவது மணியை அவன் பொடியோடு விழுங்கியிருந்தான். பொடியைத் தட்டி நீக்கச் சொன்ன இடத்தில், நாள் நீங்கும்வரை காத்திருந்திருக்கிறான்.

பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. மணியே விஷம்தான், பொடி அதைவிட மோசம், இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். டப்பாவை ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்தேன். வாத்தியாரின் புத்தகத்தில் அந்த வரியைச் சத்தமில்லாமல் சரிசெய்து அச்சுக்கு அனுப்பினேன். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. வெட்கம். ஒரு வருடம் அந்த வெட்கத்தைச் சோற்றோடு சேர்த்துத் தின்றேன்.

இந்த ஆடியில் கொடியேற்றத்தன்று காலையில், துணி எடுக்க அவன் அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில் புதிதாக ஒரு தகர டப்பா இருந்தது.

டப்பாவை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருத்தியது நான். பூரம் என்பது நாள் இல்லை, இந்தப் பொடி. தப்பு என்னுடையது.

அவன் கோபப்படவில்லை. என் தலையைத் தடவிக் கொடுத்தான். கை முன்னைவிட மோசமாக நடுங்கியது.

"நீயா? நீ என்னைக்குப் பிழை விட்டிருக்கடி? என்னத் தடுக்கணும்னு பொய் சொல்லுத."

ஓடிப்போய் வாத்தியாரின் கையெழுத்துத் தாளை எடுத்துவந்து காட்டினேன். 'நீக்கி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவன் கண்ணருகில் வைத்துப் பார்த்தான்.

"கண்ணு தெரியாதவுக. அவிய பிழையா எழுதிட்டாவ, நீ சரியாத் திருத்தியிருக்க," என்றான். "போன தடவை நான்தான் விரதத்துல காப்பி குடிச்சிட்டேன். அதான் அடிச்சிருச்சு. ஆனா அன்னைக்குச் செத்த நேரம் கை நின்னுச்சுடி. சத்தியமா நின்னுச்சு."

டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை. பிளவக்கலுக்கு வழி அவனுக்குத் தெரியும். நான் தினமும் கடைக்குப் போகிறவள்.

கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. கொடி ஏறியிருக்கும். அண்ணன் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி, தேருக்கு மறுநாள் கட்டத்தில் பேனாவால் ஏதோ எழுதினான். இரண்டு சொல் எழுத அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு வழக்கம்போல என் முன்னால் நீட்டினான்.

"சரியா இருக்காடி?"

'பூரம் நீங்கி' என்று எழுதியிருந்தான். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. ஆனால் பிழை ஒன்றும் இல்லை.