மண்ணெண்ணெயில் கழுவிய விளக்கு

பேரன் பைக் செயினை மண்ணெண்ணெயில் கழுவிய வாடையில், காசிமேட்டில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கிற மணல்வெளியில் அந்தக் காலத்தில் ஞாயிறுதோறும் கூடிய பழைய கார் சாமான் சந்தை கண்முன் வந்துவிட்டது. திருட்டுச் சாமானை அடையாளம் தெரியாமல் மண்ணெண்ணெயில் கழுவித்தான் விற்பார்கள். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, தேடுவதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்பார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா ஓட்டிய எங்கள் டாக்சியின் முன்விளக்கு களவுபோனது. விளக்கில்லாமல் ராத்திரி சவாரி இல்லை. அந்தச் சவாரிதான் எங்கள் சோறு. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, ஹாரன் விசாரிப்பதுபோலக் கடைகடையாக நோட்டம் விட்டார். ஒரு கடையில் எங்கள் விளக்கு, ஓரத்து நசுங்கலோடு பளபளவென்று இருந்தது.

"இன்னா நைனா, இத்த எங்க புட்ச்சே?" அப்பா கடைக்காரனைக் கேட்டார்.

"கப்பல்ல வந்த சரக்கு மாமு. வோணாம்னா வுட்டுட்டுப் போ."

அப்பா அவன் சட்டையைப் பிடித்தார்.

"அட, கைய எடு! நானா திருடுனேன்? கொண்டாந்தவன் சுத்தியாந்த துணி இதோ கீது, பாத்துக்க."

அது எங்கள் வீட்டுக்குள் கிடந்த, அம்மாவின் பச்சைப் புடவைக் கிழிசல். எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர அம்மா, சித்தப்பா, நான், அவ்வளவுதான்.

சட்டையை விட்ட அப்பா, திரும்பி முதலில் என்னைத்தான் பார்த்தார்.